மீட்டர் பழுது, ஆனால் ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம்: என்ன செய்வது?

கேள்வி:

எங்கள் வீட்டு மின் மீட்டர் பதினைந்து வருடப் பழசு. சில மாதங்களாக அதன் திரை விட்டு விட்டு அணைகிறது. பில்லும் திடீரென்று ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. நானும் கணவரும் மட்டும்தான் வீட்டில். புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை. புகார் செய்தேன். வந்து பார்த்தவர், "மீட்டர் போய்விட்டது. மாற்றினால் ஸ்மார்ட் மீட்டர்தான் போடுவோம். வேண்டாம் என்றால் இதுவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம். நாங்கள் எப்போது வெளியே போகிறோம், எப்போது தூங்குகிறோம் என்பதெல்லாம் அதில் தெரியுமாம். ஆபீசில் உட்கார்ந்தபடியே கரண்ட்டை நிறுத்திவிடலாமாம். கதிர்வீச்சு பற்றியும் பயமாக இருக்கிறது. நாங்களே கடையில் ஒரு சாதாரண மீட்டர் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா? அதுவரை பில் கட்டாமல் இருக்கலாமா?

ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைசியாகக் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் கெட்டுப்போகும். நீங்களாக மீட்டர் வாங்கி மாட்டக் கூடாது. பில் கட்டாமலும் இருக்கக் கூடாது.

மீட்டரின் சீலை யார் உடைத்தாலும், நல்ல எண்ணத்தோடு உடைத்தாலும், அது மின்திருட்டுக்கான தடயம் போலத்தான் பதிவாகும். இப்போது நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. சீல் உடைந்த அந்த நிமிடமே நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். கடையில் வாங்கிய மீட்டரைத் தர அனுமதிக்கும் இடங்களிலும், அதை அவர்களே சோதித்து, அவர்களே மாட்டி, அவர்களே சீல் வைப்பார்கள்.

பில் விஷயமும் அப்படித்தான். கட்டாமல் விட்டால் "மீட்டர் தகராறு" என்பது மறைந்து "பாக்கி வைத்தவர்" என்பது மட்டும் மிஞ்சும். அதற்குப் பதில், தொகையில் உடன்பாடில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, ஆட்சேபத்தோடு கட்டுங்கள். பல நாடுகளின் சட்டம் இதற்கு இடம் தருகிறது. உதாரணமாக, இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, தகராறு நிலுவையில் இருக்கும்போது, கேட்ட முழுத் தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரி ஆகிய இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டினால் இணைப்பைத் துண்டிக்க முடியாது. உங்கள் ஊர் விதியிலும் இதுபோல ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். உங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மீட்டர் பழுது என்பது ஒன்று. அதற்குப் பதில் எந்த வகை மீட்டர் என்பது இன்னொன்று. சரியான மீட்டர் வழியாக மின்சாரம் தர வேண்டியது விநியோக நிறுவனத்தின் கடமை. நான் சொன்ன அதே இந்தியச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு "சரியான மீட்டர்" என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. பழுதான மீட்டரை "இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போவது உங்களுக்குத் தரும் சலுகை அல்ல, அவர்களுடைய கடமை தள்ளிப்போவதுதான். நீங்களோ ஸ்மார்ட் மீட்டர் வந்துவிடுமோ என்ற பயத்தில் பழுதைப் பற்றியும் பேசாமல் இருந்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு தவறான பில் சேர்ந்துகொண்டே போகிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் உங்கள் முதல் வேலை.

நான் மீட்டர் சோதனைக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. திரை விட்டு விட்டு அணைகிறது என்கிறீர்கள். பதினைந்து வயதான எலெக்ட்ரானிக் மீட்டரில் அப்படி ஆனால், உள்ளே மின்சப்ளை தரும் பகுதியில் கபாசிட்டர் என்ற மின்தேக்கி காய்ந்து போயிருக்கலாம், அல்லது திரையே கெட்டிருக்கலாம். திரை மட்டும் கெட்டிருந்தால் எண்ணிக்கை சரியாகவே ஓடும். உள்சப்ளை தடுமாறினால், மீட்டர் அணைந்திருக்கும் நேரத்தில் ஓடிய மின்சாரம் கணக்கில் ஏறாமலே போகும். அதாவது இப்படிப்பட்ட மீட்டர் பெரும்பாலும் குறைவாகத்தான் எண்ணும். ஆனால் உங்கள் பில் கூடியிருக்கிறது. அப்படியானால் பில்லைக் கூட்டியது மீட்டராக இல்லாமலும் இருக்கலாம்.

பழைய பில்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் ரீடிங் நேரில் எடுத்ததா, மதிப்பீடா என்று ஒரு குறிப்பு இருக்கும். ரீடிங் எடுக்க வந்தபோது திரை அணைந்திருந்தால், ஏதோ ஒரு சராசரியைப் போட்டு பில் அனுப்பியிருப்பார்கள். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கும் என்பதுதான் என் முதல் சந்தேகம். மதிப்பீடு என்று தெரிந்தால் வேலை சுலபம். மீட்டர் எவ்வளவு தவறாக ஓடியது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த மதிப்பீட்டை எந்த மாதங்களை வைத்துப் போட்டார்கள் என்று கேட்டாலே போதும்.

மதிப்பீடு இல்லை, நிஜமான ரீடிங்தான் என்றால் சில சோதனைகளை நீங்களே செய்யலாம். எதற்கும் மீட்டரைத் திறக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். (மீட்டரின் கீழ்ப்பக்கம், ஒயர் நுழையும் இடத்தில், கருகிய நிறமோ தீய்ந்த வாசனையோ இருந்தால் சோதனை எதுவும் வேண்டாம். அது ஆபத்து. ஸ்மார்ட்டா இல்லையா என்ற பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.)

முதலில் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும், மின்சாரம் ஓட ஓட அது மினுக்கும். மெயினை அணைத்த பிறகும் அது தொடர்ந்து மினுக்கினால் இரண்டில் ஒன்று: மீட்டர் தானாக ஓடுகிறது, அல்லது உங்கள் மெயின் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே யாரோ ஒருவருடைய லைன் பிரிந்து போகிறது. மினுக்காமல் நிலையாக எரிந்தால் பயப்படாதீர்கள், சில மாடல்களில் லோடு இல்லை, அதாவது மின்சாரம் எதுவும் ஓடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

அடுத்து, மெயினைப் போட்டுவிட்டு ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் மினுக்கல் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் மின்சாரம் போகிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுப்போன வாட்டர் ஹீட்டர் வெளியே ஒன்றும் தெரியாமல் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கும். வெறும் 100 வாட் இடைவிடாமல் ஓடினாலே ஒரு நாளைக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் பில்லை உயர்த்திக் காட்ட இதுவே போதும்.

பல மீட்டர்கள் ஒரே பலகையில் வரிசையாக இருக்கும் குடியிருப்பு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். மெயினை அணைத்ததும் நின்றது உங்கள் பெயரில் இருக்கும் மீட்டர்தானா? பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணும் மீட்டர் முகப்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா? நான் வேலையில் இருந்தபோது, ஒரு பெரியவர் மூன்று முறை எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தார். மூன்று முறையும் மீட்டர் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். மீட்டர் நிஜமாகவே சரிதான். ஆனால் அது அவருடைய மீட்டரே இல்லை. முந்தைய மராமத்தின்போது பக்கத்து வீட்டு ஒயரோடு மாறிப்போயிருந்தது. மெயினை அணைத்துப் பார்க்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் அவர் அடுத்த வீட்டு பில்லைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு யார் என்னிடம் மீட்டர் சந்தேகம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மீட்டர் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் போதும். கெட்டிலின் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், 2000 வாட் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ், அதாவது எத்தனை மினுக்கல், என்ற எண் இருக்கும். 1000, 3200 ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கெட்டிலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, சரியாக மூன்று நிமிடம் அந்த மினுக்கலைச் செல்பேசியில் வீடியோ எடுங்கள். 2000 வாட் மூன்று நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். 1000 பல்ஸ் மீட்டரில் 100 முறை மினுக்க வேண்டும், 3200 பல்ஸ் மீட்டரில் 320 முறை. வீடியோவை மெதுவாக ஓட்டி எண்ணிக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிய வேண்டும். கெட்டிலில் எழுதியிருக்கும் வாட் குறிப்பிட்ட வோல்டேஜில்தான் சரி. 230 வோல்ட்டுக்குச் செய்த கெட்டில் 220 வோல்ட்டில் எட்டு சதவீதத்துக்கு மேல் குறைவாக எடுக்கும். ஆகவே 100-க்கு 92 வந்தாலோ 106 வந்தாலோ எதுவும் முடிவு செய்யாதீர்கள். 60 வந்தாலும் 150 வந்தாலும் தாராளமாகப் புகார் எழுதலாம். இரண்டு மூன்று சதவீதப் பிழையைச் சோதனைக்கூடம்தான் பிடிக்கும். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரத்தில் வகுப்பு 1 என்றால் ஏறத்தாழ ஒரு சதவீதமும், வகுப்பு 2 என்றால் இரண்டு சதவீதமும் பிழைக்கு இடமுண்டு. அந்த வகுப்பு எண்ணும் மீட்டர் முகப்பிலேயே இருக்கும்.

இதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். திரை அணைந்திருக்கும்போதும் எரியும்போதும் தினமும் ஒரே நேரத்தில் படம் எடுங்கள். பத்து நாள் படங்கள் இருந்தால் உங்கள் புகாரை யாரும் வாய்ப்பேச்சாகத் தள்ளிவிட முடியாது.

அப்புறம், முறைப்படி மீட்டர் சோதனை கேளுங்கள். அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோவது. இன்னொன்று, உங்கள் மீட்டரோடு தொடராக ஒரு சோதனை மீட்டரை மாட்டி, சில வாரங்கள் இரண்டையும் ஓடவிட்டு ஒப்பிடுவது. இரண்டாவதுதான் உங்களுக்கு நல்லது. உங்கள் வீட்டு லோடிலேயே, உங்கள் கண்ணெதிரிலேயே நடக்கும். இந்தியாவில் 2024-இல் வந்த விதித்திருத்தம், ரீடிங் சரியில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால் ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட வேண்டும் என்றே சொல்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய மீட்டர் குறைவாக எண்ணிக்கொண்டிருந்தது என்று தெரியவந்தால், புது மீட்டர் எந்த வகையாக இருந்தாலும் யூனிட் கூடத்தான் செய்யும். ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதும் பில் கூடியது என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

இனி ஸ்மார்ட் மீட்டருக்கு வருவோம். டிஜிட்டல் மீட்டர் எல்லாம் ஸ்மார்ட் மீட்டர் அல்ல. இப்போது உங்கள் வீட்டில் இருப்பதே டிஜிட்டல்தான். 1889-இல் புடாபெஸ்டில் ஓட்டோ பிளாத்தி வடிவமைத்த வகையில் வந்த, அலுமினிய வட்டு சுழலும் பழைய மீட்டர்தான் "சாதாரண மீட்டர்" என்று பலர் நினைக்கிறார்கள். அதைக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது "தொலைத்தொடர்பு வசதி இல்லாத எலெக்ட்ரானிக் மீட்டர்". இந்தச் சொற்களை அப்படியே பயன்படுத்துங்கள்.

எலெக்ட்ரானிக் மீட்டரோடு இரண்டு பொருள் சேர்ந்தால் அது ஸ்மார்ட் மீட்டர். ஒன்று, ரீடிங்கை அனுப்பும் தொடர்புப் பகுதி. இன்னொன்று, பெரும்பாலான வீட்டு மாடல்களில், தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் ரிலே. உங்களுடைய மூன்று பயங்களையும் இந்த இரண்டோடு பொருத்திப் பார்க்கலாம்.

கதிர்வீச்சு பயத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தொடர்புப் பகுதி அனுப்புவது செல்பேசியில் இருக்கும் அதே வகை ரேடியோ அலை. அதுவும் துண்டு துண்டாக, நாள் முழுக்கச் சேர்த்தாலும் கொஞ்ச நேரம்தான். செல்பேசியைக் காதில் ஒட்டி வைக்கிறோம், மீட்டரோ சுவரில் தள்ளி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு கால் பங்காகிவிடும். சில நாடுகளின் மீட்டர்கள் ரேடியோவே இல்லாமல் மின்கம்பி வழியாகவே ரீடிங் அனுப்புகின்றன, பிரான்சின் லிங்கி மீட்டர் அப்படித்தான். புகார்க் கடிதத்தில் கதிர்வீச்சை முதல் காரணமாக எழுதினால், மீதி எல்லாக் காரணங்களையும் படிக்காமலே மூடி வைத்துவிடுவார்கள். உங்கள் பயத்தை மதிக்கிறேன், ஆனால் கடிதத்தில் அது வேண்டாம்.

அந்தரங்கம் பற்றிய கவலை முழுக்க நியாயமானது. 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அரை மணிக்கு ஒரு முறை என்று ரீடிங் சேர்ந்தால் ஒரு வீட்டின் தினசரி ஓட்டம் அதில் தெரியும். எப்போது எழுகிறீர்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் இருக்கும். இன்னும் நுணுக்கமாக அளந்தால், எந்தச் சாதனம் எப்போது ஓடியது என்பதையே மொத்த மின்னோட்டத்திலிருந்து பிரித்தெடுக்கலாம். ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். 2018-இல் அமெரிக்காவின் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், நேப்பர்வில் நகரம் 15 நிமிட இடைவெளியில் இப்படித் தகவல் எடுப்பது சட்டப்படி வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்றே சொன்னது. போலீஸ் நோக்கம் இல்லாததால் அது நியாயமான சோதனைதான் என்று அனுமதியும் அளித்தது. உங்கள் கவலை வீண்பிரமை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

தூரத்திலிருந்து துண்டிப்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்தும் விஷயம். முன்பெல்லாம் இணைப்பைத் துண்டிக்க ஓர் ஆள் வாசலுக்கு வர வேண்டும். வந்தவரிடம் பேசலாம், ரசீதைக் காட்டலாம், வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று சொல்லலாம். அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. சில மீட்டர்களில் ஆள் வராமலே பில் முறையிலிருந்து முன்கட்டண முறைக்கு மாற்றிவிடவும் முடியும். துண்டிக்கும் முன் நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதி ஸ்மார்ட் மீட்டருக்கும் பொருந்துமா, எத்தனை நாள் அவகாசம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாராவது மருத்துவக் கருவியை நம்பி இருந்தால் அதை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாராவது உங்களிடம் இதைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். 2017-இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 9 எலெக்ட்ரானிக் மீட்டர்களில் 5 மீட்டர்கள் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டின, ஒன்று 582 சதவீதம் வரை. இரண்டு மீட்டர்கள் குறைவாகக் காட்டின. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு சேர்த்த எல்இடி விளக்குகள் மின்னோட்டத்தின் அலைவடிவத்தைச் சிதைத்தபோது, மீட்டருக்குள் இருந்த சில வகை சென்சார்கள் குழம்பியதே காரணம். இதில் கோளாறு சென்சாரில்தான், தொடர்புப் பகுதியில் இல்லை. ஸ்மார்ட் இல்லாத எலெக்ட்ரானிக் மீட்டரிலும் அதே சென்சார் இருக்கலாம். எனவே இதை ஸ்மார்ட் மீட்டருக்கு எதிரான ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

மறுக்க உங்களுக்கு உரிமை உண்டா? நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை, பதில் அதைப் பொறுத்தது. நெதர்லாந்தில் கட்டாயமாக்கும் மசோதாவை 2009-இல் செனட் அந்தரங்கக் காரணத்துக்காக நிறுத்தியது. பிறகு வந்த சட்டம், மறுக்கவும், மாட்டிக்கொண்டு தகவல் அனுப்புவதை நிறுத்தி வைக்கவும் இடம் கொடுத்தது. பிரிட்டனில் வீட்டுக்காரர் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கலிஃபோர்னியாவில் 2012-இல் கட்டணம் செலுத்தி விலகிக்கொள்ளும் வழி வந்தது. இந்தியாவில் 2020 நுகர்வோர் உரிமை விதிகள், இணைப்பு ஸ்மார்ட் முன்கட்டண மீட்டர் அல்லது முன்கட்டண மீட்டர் வழியாகவே என்று சொல்லி, விதிவிலக்கு தருவதை ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் விட்டன. ஆகவே அங்கே பேச வேண்டிய இடம் ஆணையம்தான், வீட்டுக்கு வரும் ஊழியர் அல்ல.

உங்கள் ஊர் விதியை எடுத்துப் படிக்கும்போது, அதில் வரும் "வேண்டும்" என்ற சொல் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கவனியுங்கள். "நிறுவனம் ஸ்மார்ட் மீட்டர் பொருத்த முயற்சி எடுக்க வேண்டும்" என்பது நிறுவனத்துக்கு இட்ட வேலை. "நுகர்வோர் ஏற்க வேண்டும்" என்பது உங்கள் மேல் சுமத்திய கடமை. பிரிட்டனில் இருப்பது முதல் வகை. முதல் வகையைக் காட்டி இரண்டாவது வகை போலப் பேசுவது களத்தில் சகஜம். வந்தவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. அவருக்கு மேலிடத்தில் சொன்னதை அவர் உங்களிடம் சொன்னார். அதனால்தான் எந்த விதி, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறேன்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் மீட்டரின் திரை இந்தத் தேதி முதல் அடிக்கடி அணைகிறது. படங்களை இணைத்துள்ளேன். உங்கள் ஊழியர் இந்தத் தேதியில் வந்து மீட்டர் பழுது என்று உறுதி செய்தார். பழுதான மீட்டரை மாற்றித் தரக் கோருகிறேன். மாற்ற நான் சம்மதிக்கிறேன், ஊழியர் வர எந்த நாளும் வசதியே. தொலைத்தொடர்பு வசதி இல்லாத, சோதித்துச் சான்றளித்த எலெக்ட்ரானிக் மீட்டரைப் பொருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அது முடியாது என்றால் எந்த விதியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும். இந்தத் தேதியிலிருந்து வந்த பில்களை ஆட்சேபத்தோடு கட்டுகிறேன். கழற்றும் மீட்டரைத் தகராறு முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்கவும்."

"மாற்ற நான் சம்மதிக்கிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், "நுகர்வோர் மீட்டர் மாற்ற மறுத்தார்" என்று ஒற்றை வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். நீங்கள் மறுப்பது ஒரு வகை மீட்டரை மட்டும்தான்.

பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, புகார் எண்ணோடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அமைப்பு, அதற்கு மேல் ஆம்புட்ஸ்மன் என்ற குறைகேட்பு அதிகாரி அல்லது ஒழுங்குமுறை ஆணையம் என்று போகலாம்.

தொடர்பு வசதி இல்லாத மீட்டரே கையிருப்பில் இல்லை என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடவில்லை. ஸ்மார்ட் மீட்டரையே தொடர்புப் பகுதியை அணைத்து வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். அப்போது அது வெறும் எலெக்ட்ரானிக் மீட்டர்தான், ரீடிங் பழையபடி நேரில் எடுக்கப்படும். அதற்கும் வழியில்லை என்றால், ரீடிங் மாதத்துக்கு ஒரு முறை அல்லது நாளுக்கு ஒரு முறை மட்டும் போகும்படியும், முன்கட்டண முறைக்கு உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மாற்றாதபடியும் கேளுங்கள். பிரிட்டனில் எவ்வளவு இடைவெளியில் ரீடிங் போகலாம் என்பதை வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்க முடிகிறது. உங்கள் பயத்தின் பெரும்பகுதி மீட்டரின் பெயரில் இல்லை, இந்த அமைப்புகளில்தான் இருக்கிறது. சில இடங்களில் நேரில் ரீடிங் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு, நேரத்துக்கு ஏற்ற சலுகைக் கட்டணமும் கிடைக்காமல் போகலாம். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். பழைய மீட்டரைப் புதுப்பித்துக் கொண்டுவந்தால் சோதித்த தேதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

இந்தப் பேச்சு நீண்டுகொண்டே போனால் எந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுப்பது என்று கேட்பீர்கள். நானாக இருந்தால், தொடர்பை அணைத்து வைத்த ஸ்மார்ட் மீட்டர் தருகிறோம் என்று எழுத்தில் வந்ததும் ஏற்றுக்கொள்வேன். பழுதான மீட்டரோடு இன்னும் ஒரு வருடம் போராடுவது உங்களுக்கு நஷ்டம். மதிப்பீட்டு பில்கள் குவிந்துவிட்டால் பிறகு எதையும் பிரித்துச் சரிபார்க்க முடியாது.

மாற்ற வரும் நாளில் உங்கள் கணவரையோ நம்பகமான வேறொருவரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் பழைய மீட்டரின் கடைசி ரீடிங், மீட்டர் எண், சீல்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். திரை அணைந்திருந்தால், "திரை இல்லை, ரீடிங் எடுக்க முடியவில்லை" என்று வந்தவரையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஏதோ ஒரு ரீடிங்கை நிரப்ப விடாதீர்கள். திரை செத்த மீட்டரிலும் உள்நினைவகத்தில் எண்ணிக்கை இருக்கக்கூடும், முகப்பிலுள்ள, ஒளி மூலம் தகவல் எடுக்கும் ஆப்டிகல் போர்ட் வழியாகச் சோதனைக்கூடத்தில் அதை எடுத்துப் பார்ப்பார்கள். அதனால்தான் பழைய மீட்டரை அழிக்க வேண்டாம் என்று கடிதத்தில் எழுதச் சொன்னேன்.

புது மீட்டரின் எண், தொடக்க ரீடிங், மாடல் பெயர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வந்தவர் போவதற்கு முன்பே அதே கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதே மூன்று நிமிடம் வீடியோ எடுத்து, மினுக்கலை எண்ணிப் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த பில் வந்ததும் அந்த நோட்டையும் பில்லையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.